மிலிட்டரிக்காரர் வீட்டு இந்தி

போன வாரம் ஜெனிபர் போனில் கூப்பிட்டாள். தென்காசியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், நான் உட்கார்ந்திருந்த அறையில் இப்போது உட்கார்ந்திருக்கும் பேச்சுப் பயிற்சியாளர் அவள். பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களையும், பேச வேண்டிய வயதில் பேசாத பிள்ளைகளையும் பேச வைப்பது எங்கள் தொழில். அந்த நீளப் பெயர் ஊர்க்காரர்கள் வாயில் நுழையவில்லை. என்னைப் 'பேச்சு டீச்சர்' ஆக்கிவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் காய்கறிச் சந்தையில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"மேடம், புதுசா ஒரு டேப்லெட் குடுத்திருக்காங்க. நோயாளி என்ன மொழின்னு அமுக்கினா படம், சத்தம், பயிற்சி எல்லாம் அதுவே காட்டுது. ஆனா ஒரு மொழியத்தான் அமுக்க முடியுது. இப்ப வந்திருக்கிறவரு வாலிபத்துல இருந்தே கொல்லத்துல டீக்கடை வச்சிருந்தவரு. தமிழை அமுக்கவா, மலையாளத்தை அமுக்கவா?"

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்துவிட்டது. அடுப்பில் பால் இருந்ததையே மறந்துவிட்டேன். அது பொங்கி வழிந்து அணைந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

"ஒண்ணையும் அமுக்காத. அவரு கூட யாரு வந்திருக்கான்னு முதல்ல பாரு" என்றேன்.

"ஏன் மேடம்?"

அந்த 'ஏன்' இருக்கிறதே, அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் அவளுடைய அன்றைய நோயாளிகள் எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். நான் பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவள். அது அவளுக்கும் தெரியும். "எழுதி அனுப்புங்க மேடம்" என்று நயமாகக் கழன்றுகொண்டாள். எழுதுகிறேன். நல்லதாகப் போயிற்று, இதை எழுத எனக்கும் நெடுநாளாக ஆசை.

நான் இந்தத் தொழிலுக்குப் படித்த கதை சின்னது. மைசூரில் படித்தேன். விடுதியில் என் அறையில் இருந்த இரண்டு பேரும் வடக்கத்திப் பெண்கள். குளியலறைக்கு யார் முதலில் போவது என்று தினமும் நடந்த சண்டையில் எனக்கு இந்தி வந்தது. புத்தகத்தைத் தொடவே இல்லை. சண்டை போட வேண்டும் என்ற வெறி இருந்தால் எந்த மொழியும் வந்துவிடும். அந்தச் சண்டை இந்திதான் பின்னால் எனக்குச் சோறு போடப்போகிறது என்று அப்போது தெரியாது.

தென்காசிக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்தவர் புஷ்பவல்லி மேடம். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திச் சேலை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நோயாளி எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அதே உயரத்தில்தான் நாமும் உட்கார வேண்டும் என்பார். சக்கர நாற்காலியில் வருகிறவருக்காக எங்கள் அறையில் ஒரு குட்டை ஸ்டூல் கிடந்தது. பிள்ளைகள் வந்தால் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார்.

நான் சேர்ந்த முதல் நாளே என்னுடைய வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார். நோயாளி ஒரு சொல்லைத் தேடித் திணறிக்கொண்டிருக்கும்போது, பொறுக்கமாட்டாமல் அந்தச் சொல்லை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். மேடம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஆரஞ்சு மிட்டாயை எடுத்து நீட்டினார்.

"வாயில போடு. கடிக்கக் கூடாது. கேள்வி கேட்டதும் போட்டுக்கோ. அது கரையிற வரைக்கும் நீ பேசக் கூடாது. அவங்க வாயில இருந்து வர வேண்டியதை நீ பிடுங்காத."

முழுசாக ஒரு மிட்டாய் கரைகிற நேரம் சும்மா இருந்து பாருங்கள், தெரியும். ஒரு யுகம் போல இருக்கும். ஆனால் அந்த யுகத்தின் கடைசியில்தான் எத்தனையோ பேருக்குச் சொல் வந்தது. என் பல் சொத்தையானதற்கும் அந்த மிட்டாய்தான் காரணம். வைத்தியச் செலவை மேடத்திடம் கேட்டிருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, தென்காசித் தெருக்களில்கூடச் சாரல் தூறிக்கொண்டிருந்தது. இலஞ்சியிலிருந்து ஒரு அம்மா, தன் கணவரையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா பெயர் முப்பிடாதி. கணவர் கோமதிநாயகம், ஊரில் 'மிலிட்டரிக்காரர்' என்றால்தான் தெரியும். மகன் செந்தில், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மிலிட்டரிக்காரருக்குப் பக்கவாதம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வலது கையும் காலும் சுணங்கிப் போயிருந்தன. மீசை மட்டும் எதற்கும் மசியாமல் நிமிர்ந்து நின்றது.

"பேச்சு வரலையாக்கா?" என்று கேட்டேன்.

"வருது டீச்சர். அதுதான் கூத்தே. இவுக ஏதோ பேசுதாவ, என்ன பேசுதாவன்னு ஒரு மண்ணும் விளங்கல. கோடாங்கிகிட்டகூடக் கூட்டிட்டுப் போயிட்டோம்."

"கோடாங்கிகிட்டயா?"

"ஆமா. அவரு உடுக்கை அடிச்சு, 'நீ யாரு, எந்த ஊரு, சொல்லு'ன்னு அதட்டினாரு. இவுக சடார்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு வடக்கத்திப் பாஷையில என்னமோ நம்பரு சொன்னாவ. அப்புறம் 'ஹவில்தார் கோமதிநாயகம்'னு சொன்னாவ. கோடாங்கி, 'வடக்க செத்த ஒரு பட்டாளத்தான் ஆவி இறங்கியிருக்கு, கெட்டிக்கார ஆவி, இவரு பேரையே திருடிச் சொல்லுது'ன்னுட்டாரு. வீடு பூரா எலுமிச்சம்பழமாக் கட்டித் தொங்கவிட்டுருக்கு டீச்சர்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மிலிட்டரிக்காரரைப் பார்த்தேன். அவருடைய மீசைக்கடியிலும் ஒரு சிரிப்பு ஓடியது! அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மனைவி தமிழில் சொன்ன கதைக்குச் சரியான இடத்தில் சிரிக்கிற மனுஷனுக்கு அறிவு எங்கேயும் போகவில்லை.

செந்திலுக்கு அது தெரியவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான். "மேடம், அம்மா மனசுக்காகத்தான் இங்க வந்தோம். அப்பாவுக்கு மூளை குழம்பிட்டு. பெத்த பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை தமிழ்ல பேசத் தெரியல. அம்மாவுக்கும் வயசாகுது, தனியா வச்சுப் பாக்க முடியாது. கோயம்புத்தூர்ல ஒரு ஹோம் பாத்துட்டேன். சீசன் முடியவும் வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

கெட்ட பிள்ளை என்று அவனைச் சொல்ல மாட்டேன். கண்ணில் தண்ணீரோடுதான் சொன்னான். ஆனால் முப்பிடாதியக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "காலம் பூரா இவுகள எல்லைக்குக் குடுத்துட்டு உக்காந்திருந்தேன் டீச்சர். கண்ணாலம் முடிச்சதுல இருந்து கூடி இருந்த நாளு கம்மி. இப்பத்தான் வீட்டோட வந்தாவ. அதுக்குள்ள ஹோமாம். இவுகளுக்குப் புத்தி இருக்குன்னு அவன் கண்ணு முன்னால காட்டணும். எப்படியாவது செய்யுங்க." அந்தப் பிடியின் அழுத்தம் இன்னும் என் கையில் இருக்கிறது.

சோதனையை ஆரம்பித்தேன். கோடாங்கியிடம் அவர் சொன்ன நம்பரும் பேரும் பட்டாளத்தில் ஊறிய மனப்பாடம் என்று விட்டுவிட்டேன். முதலில் புரிகிறதா என்று பார்ப்போம். "ஜன்னலைக் காட்டுங்க", "கண்ணை மூடிட்டு இடது கையைத் தூக்குங்க" என்று தமிழில் சொன்னேன். ஒன்று தவறாமல் செய்தார். அடுத்து, வாயில் தன்னால் ஓடி வருகிற வரிசைகள்: எண்கள், கிழமைகள். யோசிக்காமல் வரக்கூடியவை என்பதால் பேச்சுப் போனவர்களுக்கும் இவை வந்துவிடுவதுண்டு. "ஒண்ணு, ரெண்டு சொல்லுங்க" என்றேன். 'ஒ... ஒ...' என்று உதட்டைக் குவித்தார். வரவில்லை. மிட்டாய் பாதி கரைந்தது. மேசையை ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். பொருள்களுக்குப் பெயர் சொல்லச் சீப்பு, சாவி, தீப்பெட்டி, டம்ளர் எல்லாம் ஒரு டப்பாவில் வைத்திருப்போம். சாவியைக் காட்டினேன். வாயைத் திறக்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

சோர்ந்துபோய் அன்றைக்கு அனுப்பினேன். வெளியே வராந்தாவில் நடைப் பயிற்சி கொடுக்கிற பையன் அவரைப் பிடித்து நடத்திக் கொண்டிருந்தான். தண்ணீர் டம்ளரோடு வாசலுக்கு வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். மிலிட்டரிக்காரர் ஒவ்வொரு அடிக்கும் முணுமுணுத்துக்கொண்டு போனார்.

"ஏக்... தோ... ஏக். ஏக்... தோ... ஏக்."

பட்டாள நடைக்கு எண்ணுகிற ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, இந்தியில்! டம்ளரைப் போட்டுவிட்டு, மேசையிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். உண்மையாகவே ஓடினேன், செருப்புகூட இல்லாமல்! அவர் முன்னால் போய் நின்று, டப்பாவிலிருந்து எடுத்த சாவியைத் தூக்கிக் காட்டி, விடுதியில் கற்ற சண்டை இந்தியில், "யே கியா ஹை?" என்றேன். இது என்ன என்று அர்த்தம். அவர் கண்கள் அகன்றன.

"சாபி" என்றார்.

சீப்பைக் காட்டினேன். "கங்கி." தீப்பெட்டியைக் காட்டினேன். "மாச்சிஸ்." டம்ளர் உருண்டு கிடந்த இடத்தைக் காட்டினேன். "பானி... கிர் கயா" என்றார். தண்ணி கொட்டிவிட்டது! பேரை மட்டும் சொல்லாமல், என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட்டார். நான் அந்த வராந்தாவில் குதித்ததை எலும்பு முறிவுப் பிரிவுக்கு வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனவர். பென்ஷன் வாங்கிய பிறகும் போபாலில் ஒரு கம்பெனியில் காவல் வேலை. எழுந்ததிலிருந்து படுக்கிறவரை இந்தி. தமிழ் அவருக்கு லீவு நாள் பேச்சாகிவிட்டிருந்தது. எங்கள் படிப்பில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. தாய்மொழிதான் அடியாழத்தில் கிடக்கும், அதுதான் முதலில் திரும்பும் என்பது ஒரு கட்சி. கடைசிவரை அதிகம் புழங்கிய மொழிதான் முதலில் வரும் என்பது இன்னொரு கட்சி. நோயாளிகள் எந்தக் கட்சியிலும் உறுப்பினராகச் சேரவில்லை, அவரவருக்கு வருகிறபடி வருகிறது. இவருக்கு இந்தி வந்தது.

மறுநாள் காலையில் புஷ்பவல்லி மேடத்திடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தியிலேயே பயிற்சி கொடுக்கப் போகிறேன் என்றேன். மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "வேண்டாம். தமிழ்லயே குடு" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வராத தமிழை வச்சு எதுக்கு மேடம் அடிக்கணும்? அவரு மேசையைத் தட்டுதாரு, நாளைக்கு வரவே மாட்டாரு."

"உன்கூட அரை மணி நேரம் இந்தி பேசுவாரு. அப்புறம் வீட்டுக்குப் போவாருல்ல? அங்க யாருகிட்டப் பேசுவாரு? ஒருத்தரு மட்டும் பேசுறதுக்குப் பேரு பேச்சா? அவரு இந்தி பேசப் பேச, அந்த வீட்டுல அவரு இன்னும் தனியாத்தான் ஆவாரு."

மேடம் சொன்னது அத்தனையும் சரி. அப்போது கதவு திறந்தது. பயிற்சிக்கு முன்னதாகவே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த முப்பிடாதியக்கா உள்ளே வந்தார். அனுமதி எல்லாம் கேட்கவில்லை.

"ஏன், அந்தப் பாஷைய நான் படிச்சா ஆவாதா?"

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அறுபது வயது. அஞ்சாம் வகுப்பு. தென்காசியைத் தாண்டினால் திருச்செந்தூர், அவ்வளவுதான் அவர் பார்த்த உலகம்.

"கஷ்டமாச்சேம்மா" என்றார் மேடம்.

"பாஷை தெரியாத ஆளோட குடும்பம் நடத்துறதவிடவா?"

மேடம் இழுப்பறையைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்தார். எனக்கென்று நினைத்துக் கையை நீட்டினேன். அவரே போட்டுக்கொண்டார். அது கரைந்த பிறகு என்னைப் பார்த்து, "அப்ப சரி. இந்தியிலேயே ஆரம்பி" என்றார்.

நான் அக்காவுக்குப் பாடம் எடுப்பதாகத்தான் திட்டம். அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. குற்றாலத்தில் பெரிய அருவிக்குப் போகிற சாலையில் சீசனுக்கு வண்டி போடுகிற ஒரு பானிபூரிக்காரர் குடும்பம் இலஞ்சியில் அக்கா வீட்டுக்குப் பின்தெருவில் குடியிருந்தது. பீகார்க்காரர்கள். அந்த மனைவி பெயர் சுனிதா. அக்கா நேரே அவளிடம் போய், "எனக்கு உன் பாஷை வேணும், உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறார். சுனிதாவுக்குத் தமிழ் வேண்டும்; சீசன் கூட்டத்தில் வாடிக்கையாளர் பேரம் பேசுவது அவளுக்குப் புரியவில்லை. ஒப்பந்தம் முடிந்தது. மிலிட்டரிக்காரரைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, சாயங்காலம் அக்கா பானிபூரி வண்டிக்குப் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடையைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் போனேன். அருவியில் குளித்தவர்கள் ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டு வண்டியை மொய்த்திருந்தார்கள். தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு இனிமேல்தான் குளிக்கப் போகிற ஒருவர்கூட நின்று தின்றார். அக்கா வண்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"'இன்னும் ரெண்டு வை'ன்னா?" என்று, வாடிக்கையாளர் சொன்னதற்கு அர்த்தம் கேட்டுச் சுனிதா திரும்பினாள்.

"தோ அவுரு" என்று இந்தியில் சொன்னார் அக்கா. "ஓசிக்குக் கேக்கான். குடுக்காத."

"ஓசி, கியா?"

"காசு நஹீ" என்றார் அக்கா. சுனிதா வாடிக்கையாளரைப் பார்த்து, "ஓசி இல்லே அண்ணாச்சி!" என்று சத்தமாகச் சொன்னாள். கூட்டமே சிரித்தது.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. சுனிதாவின் மூன்று வயது மகள் பிங்கி வண்டிக்கடியில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கவனித்தேன். அம்மாவிடம் இந்தி. அக்காவிடம் அச்சு அசல் இலஞ்சித் தமிழ்: "ஆச்சி, இங்கன வாங்களேன்!" யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முகத்தைப் பார்ப்பாள், இந்த முகத்துக்கு இந்த மொழி என்று எடுத்துப் போடுவாள். பிள்ளைகள் அப்படித்தான், வெட்கம் கிடையாது, தப்பைப் பற்றிய பயம் கிடையாது. சத்தத்தை முதலில் வாங்கிக்கொள்ளும், அர்த்தம் பின்னால் மெதுவாக வரட்டும் என்று விட்டுவிடும். பெரியவர்களுக்கு நேர்மாறு. அர்த்தம் கைக்கு வராமல் வாயைத் திறக்க மாட்டோம். நாக்கும் முறுக்கிக்கொள்ளும். அக்காவின் இந்தியில் இலஞ்சி வாசம் தூக்கலாக அடித்தது. ஆனால் பெரியவர்களிடம் ஒன்று இருக்கிறது, பிள்ளைகளிடம் இல்லாதது. எதற்காகப் படிக்கிறோம் என்று தெரியும்.

அக்கா எழுத்தைத் தொடவில்லை. வீட்டுக்கு வேண்டிய வார்த்தைகளை மட்டும் கேட்டு வாங்கி, அதைத் தன் தமிழுக்குள் சொருகிக்கொண்டார். "கானா சாப்பிடுதியளா?" "பானி குடிக்கியளா?" "தவாய் போட்டாச்சா?" தவாய் என்றால் மருந்து. எனக்குக் கை துறுதுறுத்தது, முழு வாக்கியமாகத் திருத்த வேண்டும் போல. மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் விளங்குதா?"

"நல்லா விளங்குது மேடம்."

"அப்ப அதுல நீ கையை வைக்காத."

வீட்டில் மிலிட்டரிக்காரர் பேச ஆரம்பித்தார். ஒரு சொல், இரண்டு சொல். அக்கா வாரத்துக்கு இரண்டு தடவை என்னிடம் வந்து கதை கதையாகச் சொல்வார். ஒருநாள் முகமெல்லாம் சிவந்திருந்தது.

"டீச்சர், நான் நின்னுக்கிட்டு இருந்தேன். 'ஆப் பைட்டியே'ன்னாவ. சுனிதாகிட்ட கேட்டா, 'நீங்க உக்காருங்க'ன்னு அர்த்தமாம். நீங்களாம் டீச்சர்! கண்ணாலம் முடிச்ச நாள்ல இருந்து எனக்கு 'ஏட்டி'தான் பேரு. உக்காருன்னுகூட ஒரு நாளும் சொன்னதில்ல. நான் உக்காந்து எனக்குத் தெரிஞ்சு அவுக பாத்ததும் இல்ல."

பட்டாளத்தில் அவர் இந்தி பேசியது அதிகாரிகளிடம், அவர்கள் வீட்டம்மாக்களிடம். அந்த மரியாதையோடுதான் அந்த மொழி அவர் வாயில் குடியிருந்தது. அதை நான் அக்காவிடம் விளக்கவில்லை. விளக்கி அந்த முகத்தைக் கெடுப்பானேன்?

சீசன் முடிந்தது. செந்தில் காரோடு வந்துவிட்டான். அக்கா காலையிலேயே போன் செய்து, "டீச்சர், உடனே வாங்க" என்றார். ஆட்டோ பிடித்து இலஞ்சிக்குப் போனேன். முன்னறையில் மிலிட்டரிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செந்தில் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தான். ஹோமில் நர்ஸ் உண்டு, தோட்டம் உண்டு, மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். நாற்காலியில் இருக்கிறவர் காதில் விழாது என்பது போலவே பேசினான். என் நாக்கு துடித்தது. பையிலிருந்து மிட்டாயை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன். இது நான் பேச வேண்டிய இடமில்லை.

"டிரெஸ்ஸ எடுத்து வைங்கம்மா. பொழுதடைய முன்னால போயிரணும்" என்றான்.

மிலிட்டரிக்காரர் இடது கையால் நாற்காலியின் கையை ஓங்கி அடித்தார்.

"சுட்டி" என்றார்.

எல்லாரும் திரும்பினோம். அவர் மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"கர்... பூரா சுட்டி."

என் வாயில் மிட்டாய் கரைந்துகொண்டே இருந்தது.

"வாபஸ்... நஹீ."

"அப்பா என்னம்மா சொல்லுதாங்க?" என்றான் செந்தில். குரல் இறங்கிவிட்டிருந்தது. என்னைப் பார்த்தான். நான் அம்மாவைக் கை காட்டினேன்.

முப்பிடாதியக்கா கணவரைப் பார்த்தபடியே சொன்னார். "சுட்டின்னா லீவுலே. கர்ருன்னா வீடு. 'இந்த வீட்டுக்கு வரதுக்கு லீவு கேட்டு லீவு கேட்டே என் ஆயுசு போச்சு. இப்பத்தான் பூரா லீவும் கிடைச்சிருக்கு. என்னைய மறுபடி டூட்டிக்கு அனுப்பாத'ங்காவ."

"அவ்வளவுமா சொன்னாங்க? நாலு வார்த்தைதானம்மா பேசினாங்க?"

மிலிட்டரிக்காரர் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "ஜி. பில்குல்" என்றார். அப்படியேதான் என்று அர்த்தம். இந்த ஒன்றை மட்டும் நான் சொன்னேன், மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

செந்தில் அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, "அம்மா, மன்னிச்சிருங்கன்னு இந்தியில எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டான்.

"தமிழ்லயே சொல்லுலே. அவுகளுக்கு எல்லாம் விளங்கும். முதல்ல இருந்தே எல்லாம் விளங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அன்று காரில் செந்தில் மட்டும்தான் சென்னைக்குத் திரும்பினான். நான் ஆட்டோவில் வரும்போது ஓட்டுநரிடம் முழுக் கதையையும் சொல்லி முடித்தேன். அவர் பாவம், தென்காசி வந்தும் வண்டியை நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் தொழில் வாழ்க்கையிலேயே நான் பார்த்த பெரிய அதிசயம். அக்காவின் அரைகுறை இந்தி இருக்கிறதே, தலையில் இந்தியும் வாலில் இலஞ்சித் தமிழுமாக, அதுவே பாலமாகிவிட்டது. "பானி குடிக்கியளா?" என்று அக்கா கேட்க, ஒருநாள் அவர் இந்தியில் தொடங்கி, அக்கா விட்ட வாலைப் பிடித்துக்கொண்டு, "பானி... குடிக்கேன்" என்றுவிட்டார். குடிக்கேன்! அதுதான் முதல் தமிழ். அடுத்து "சாப்பிடுதேன்" வந்தது, "வருதேன்" வந்தது. நான் இலக்கண சுத்தமாகத் திருத்தியிருந்தால் இந்தப் பாலத்தை நானே இடித்திருப்பேன். வினைகள் வந்த பிறகு பெயர்கள் வந்தன. அவர் "தண்ணி" என்று சொன்ன அன்று, அக்கா ஆஸ்பத்திரிக்கு ஒரு கூடை பானிபூரி கொண்டுவந்து வராந்தா முழுக்கக் கொடுத்தார். புஷ்பவல்லி மேடம் புளித்தண்ணீர் சேலையில் சொட்டுவதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டே தின்றார்.

கடைசியாக அவர்கள் வீட்டுக்குப் போனது தை மாதம். மிலிட்டரிக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் தாராளமாக நடந்தார். தமிழ் கொஞ்சம் முட்டி முட்டித்தான் வந்தது, ஆனால் வந்தது. என்னைப் பார்த்ததும் கம்பீரமாக உட்கார்ந்துகொண்டு, அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி! டீச்சருக்கு... காப்பி கொண்டா."

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டார். எழுந்திருக்கிற உத்தேசமே தெரியவில்லை.

"இந்தியில சொல்லுங்க" என்றார்.

மிலிட்டரிக்காரர் மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு கம்பை எடுத்து ஊன்றி, மெல்ல எழுந்து, தானே அடுக்களைக்குள் போனார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. நான் உதவிக்கு எழப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

காப்பி வர வெகுநேரம் ஆனது. கம்பை உள்ளேயே வைத்துவிட்டு, சுவரோரமாகச் சாய்ந்து நடந்து, இடது கையில் ஒவ்வொரு டம்ளராகக் கொண்டுவந்தார், முதல் டம்ளர் அக்காவுக்கு. சீனி அள்ளிப் போட்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு சொட்டு விடாமல் குடித்தோம்.